வழி மாறிய குடலும் தொலைந்துபோன கோப்பும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவில், ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி ஒருவரை அவருடைய மகன் எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். கடும் குளிர்க்காய்ச்சல், மேல்வயிற்றில் வலி, கண்களில் மஞ்சள். இம்மூன்றும் சேர்ந்து வந்தால், பித்தநாளம் அடைபட்டுக் கிருமித்தொற்று பரவியிருக்கிறது என்றே ஐயுற வேண்டும். வழக்கமாக இது எங்களைத் திகைக்கவைக்கும் நோய் அன்று. ஆனால், "அம்மாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால எடையைக் குறைக்க ஆபரேஷன் பண்ணோம், டாக்டர்" என்றார் மகன். என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். "வயித்தைச் சின்னதாக்கினாங்க" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் ஒரு காகிதமும் இல்லை.

அந்த விடை போதாமல் போனதற்குக் காரணம் உண்டு. பித்தநாளக் கல்லை அகற்ற இன்று பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றைக் கடந்து, முன்சிறுகுடலில் பித்தநாளம் திறக்கும் சிறு வாயிலை அடைகிறோம். அதைச் சற்றே விரித்துக் கல்லை வெளியே இழுக்கிறோம். இதற்கு ஈஆர்சிபி என்று பெயர். 1968இல் அமெரிக்காவில் முதன்முறையாக இவ்வாயிலுக்குள் குழாய் செலுத்தப்பட்டது. 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அவ்வாயிலை வெட்டி விரிக்கும் முறை வந்தபின் இது சிகிச்சையாகவும் வளர்ந்தது. இதற்கான கருவியின் நீளம் ஏறத்தாழ 125 செ.மீ. இயற்கை அமைத்த பாதைக்கு அது தாராளம்.

அறுவை மருத்துவம் அந்தப் பாதையை மாற்றிவிட்டால் என்ன செய்வது? வியன்னாவில் பில்ரோத் 1881இல் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக நீக்கிய காலம் தொட்டே இக்கேள்விக்கு விதை போடப்பட்டுவிட்டது. கணையத் தலைப்புற்றுக்கான விப்பிள் அறுவை, சிலவகைக் கல்லீரல் மாற்று அறுவைகள், உடற்பருமனுக்கான பைபாஸ் ஆகிய எல்லாமே உயிர் காப்பதற்காகவோ உடல்நலம் மீட்பதற்காகவோ குடலின் வரைபடத்தைத் திருத்தி எழுதுபவை.

பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் உணவுப் பாதையில் எஞ்சுகிறது. அது நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் உடலுக்குள்ளேயே இருந்தாலும், உணவு அவ்வழியே செல்வதில்லை. வாய் வழியே நுழையும் கருவி குடலில் வெகுதூரம் கீழிறங்கி, இணைப்பைக் கண்டுபிடித்து, மறுகிளையில் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். வழக்கமான கருவிக்கு அந்த நீளம் எட்டாது. அதேவேளை, இரைப்பையைக் குழல்போல் குறுக்கும் ஸ்லீவ் அறுவையில் பாதை மாறுவதே இல்லை; ஈஆர்சிபி வழக்கம்போல் நடக்கும். "வயித்தைச் சின்னதாக்கினாங்க" என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும் என்பதுதான் அன்றிரவு எங்கள் இக்கட்டு.

இதில் ஒரு முரண் உண்டு. எடை விரைவாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. 1995இல் வெளியான ஆய்வொன்றில், பைபாஸ் செய்துகொண்டு தடுப்பு மருந்து பெறாதவர்களில் 32 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் கல் உண்டானது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அர்சோடையால் பெற்றவர்களில் அது 2 விழுக்காடு மட்டுமே. கல்லுக்கான வாய்ப்பைக் கூட்டும் அதே அறுவை, கல்லை எடுக்கும் எளிய வழியையும் அடைத்துவிடுகிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் யமமோட்டோ 2001இல் அறிமுகப்படுத்திய இரட்டை பலூன் கருவி, குடலை மடித்து மடித்துத் தன்மேல் ஏற்றிக்கொண்டு முன்னேறும். ஆயினும் பைபாஸ் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குத்தான் அது கைகொடுக்கிறது. லேப்ராஸ்கோபி மூலம் ஒதுக்கப்பட்ட இரைப்பையில் துளையிட்டு, அதன் வழியே கருவியைச் செலுத்தினால் வெற்றி ஏறத்தாழ உறுதி. ஆனால் அது மயக்க மருந்துடன் கூடிய இன்னோர் அறுவை. 2014 முதல், அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப் கொண்டு சிறு பைக்கும் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்கும் இடையே உலோக ஸ்டென்ட் வைத்துத் தற்காலிக வாசல் திறக்கிறார்கள். அந்த ஸ்டென்ட் இடம்பெயர்ந்தால் ஆபத்து. வாசல் மூடாமல் நின்றுவிட்டால் இழந்த எடை திரும்பக்கூடும். தோல் வழியே கல்லீரலுக்குள் ஊசி செலுத்திப் பித்தத்தை வடிப்பது மற்றொரு வழி. எதைத் தேர்வது என்பது உள்ளே என்ன அறுவை நடந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எடைக்குறைப்பு அறுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிகை உடற்பருமனோடு நீரிழிவும் சேர்ந்து வருந்துவோருக்கு அது தரும் நன்மை ஐயத்துக்கு இடமற்றது. பின்விளைவுகளைப் பேசினால் நோயாளி அஞ்சிப் பின்வாங்கிவிடுவார் என்று சில நண்பர்கள் கருதுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும், அறிந்து அஞ்சுபவரிடம் விளக்கிச் சொல்ல நேரம் இருக்கிறது. அறியாமல் நள்ளிரவில் வந்து நிற்பவரிடம் அந்த நேரம் இல்லை.

நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் பெறுமுன், பித்தநாளத்தை இனி எளிதில் எட்ட முடியாது என்பதைத் தெளிந்த தமிழில் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டாவது, குடலின் புதிய அமைப்பைக் காட்டும் கோட்டுப்படமும் கிளைகளின் நீளமும் கொண்ட ஒரே பக்கக் குறிப்பை நோயாளியிடம் தர வேண்டும். 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கில் அதைச் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. மூன்றாவது, இத்தகைய கருவிகளும் பயிற்சியும் எல்லா மாவட்டங்களிலும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்பது எல்லா மாவட்டங்களிலும் தெரிந்திருக்க வேண்டும். தொற்றோடு அடைபட்ட பித்தநாளம் நாள்கணக்கில் காத்திருக்காது.

அன்றிரவு சி.டி. ஸ்கேன் எடுத்து, நடந்தது பைபாஸ் என்று உறுதிசெய்தோம். விடியுமுன் தோல் வழியே பித்தத்தை வடித்தோம். காய்ச்சல் தணிந்தபின், லேப்ராஸ்கோபி உதவியுடன் கல் அகற்றப்பட்டது. அந்த அம்மா நலமாக வீடு திரும்பினார்.

அதற்கு முந்தின நாள், மகன் ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்ததாம். அறுவையின் பெயரும் குடற்கிளைகளின் நீளமும் அதில் இரண்டே வரிகளில் இருந்தன. அந்த இரண்டு வரிகளை நோயாளியின் கைப்பையில் இருக்கச் செய்வது எங்கள் கடமை.