பாம்புப் பெட்டிக்கு விலையுயர்ந்த தெர்மோஸ்டாட் தேவையா?

பாம்பு வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பலகை அறுத்து, பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, மேசை இழுப்பறை போன்ற ஓர் அடுக்கைச் சொந்தமாகச் செய்துவிடுகிறார்கள். பின்புறம் வெப்பப் பட்டையும் ஒட்டியாகிவிட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. ஊர்வனவற்றுக்கென்றே தயாரித்து விற்கும் தெர்மோஸ்டாட் சில நூறு ரிங்கிட் ஆகிறது. அதனால் சிலர் விளக்குக்குரிய டிம்மரை மாட்டுகிறார்கள். சிலர் பட்டையை நேராகவே பிளக்கில் செருகிவிடுகிறார்கள்.

இரண்டும் கூடாது என்பேன். ஆனால், அந்தச் சில நூறு ரிங்கிட்டும் தேவையில்லை.

முதலில் நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். நாம் பார்த்துப் பழகும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எடுக்கப்பட்டவை. அங்கே பனிக்காலத்தில் பாம்பைக் காப்பது வெப்பம். இங்கே சமவெளியில் இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போவதில்லை. பகலில் 33 வரை ஏறுகிறது. பலரும் வளர்க்கும் பந்து மலைப்பாம்புக்கு, பெட்டியின் ஒரு முனையில் 31, 32 பாகையும் மறுமுனையில் 26, 27 பாகையும் இருந்தால் போதும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இரை தின்ற பின் சூடான முனைக்குப் போகும், பிறகு குளிர்ந்த முனைக்குத் திரும்பும். குளிரில் கிடந்தால் இரை செரிக்காமல் கக்கிவிடும். இரண்டு முனைகளும் இருக்க வேண்டும் என்பதால்தான் பெட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பப் பட்டை படக்கூடாது.

ஆகவே, எதையும் வாங்குமுன் ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானியை அந்த அறையில் ஒரு வாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் குளிரூட்டி ஓடும் அறையா? கேமரன் மலையில் வீடா? அப்படியென்றால் பட்டை அவசியம். துத்தநாகக் கூரைக்குக் கீழே உள்ள அறையென்றால் உங்கள் சிக்கலே வேறு. அங்கே மதியம் பட்டை எரியாமலே பெட்டி முழுவதும் 34 பாகை ஆகிவிடும். பாம்புக்கு ஒதுங்க இடம் இருக்காது. எந்தத் தெர்மோஸ்டாட்டும் அறையைக் குளிர்விக்காது. அடுக்கை வேறு அறைக்கு மாற்றுவதுதான் வழி, அதற்குச் செலவும் இல்லை.

டிம்மரை நான் ஏன் மறுக்கிறேன்? அதற்கு வெப்பநிலை என்னவென்றே தெரியாது. நள்ளிரவில் எவ்வளவு மின்சாரம் விட்டதோ அதையே நண்பகலிலும் விடும். பாம்போ சூடு பட்டவுடன் துள்ளி விலகும் பிராணி அன்று. வயிறு வெந்து புண்ணாகும்வரை அங்கேயே சுருண்டு கிடக்கக்கூடும். கட்டுப்பாடில்லாத வெப்பப் பட்டையால் வந்த தீக்காயங்கள் பாம்பு வளர்ப்போர் நன்கறிந்த விஷயம்.

என் தேர்வு எஸ்டிசி-1000 வகைக் கருவி. மீன் தொட்டிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் பயன்படுவது. முப்பது, நாற்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அதன் ரிலே 10 ஆம்பியர் தாங்கும். நான்கு பெட்டிகளுக்கு 80 வாட் பட்டை என்றாலும் 240 வோல்ட்டில் ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். இது குறித்த அளவை எட்டியதும் அணைக்கும், ஒரு பாகை குறைந்ததும் எரியவிடும். விலையுயர்ந்த கருவிகள் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்து வெப்பத்தை ஒரே சீராக வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவது. அந்த ஒரு பாகை ஏற்ற இறக்கத்தைப் பாம்பு பொருட்படுத்துவதில்லை. இதைவிட மலிவாக டபிள்யூ1209 என்ற திறந்த பலகையும் உண்டு. 12 வோல்ட் பரிசோதனைக்கு நல்லது. ஆனால் 240 வோல்ட்டை அந்த வெறும் பலகையில் இணைத்து வீட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மிச்சம் பிடித்த பணத்தில் இரண்டு, மூன்று ரிங்கிட்டை மட்டும் ஒரு சிறு பொருளுக்குச் செலவிடுங்கள். ரிலே பழுதாகும்போது அதன் முனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது திரையில் எண் ஏறிக்கொண்டே போகும், பட்டை மட்டும் அணையாது. இதற்குத்தான் கேஎஸ்டி-301 என்ற வெப்பத் துண்டிப்பான். உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 45 பாகை என்று குறித்த, சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையை வாங்கிப் பட்டையோடு தொடராக இணைத்து, பட்டையின் மேலேயே ஒட்ட வேண்டும். ஐந்து பாகை முன்பின் இருக்கும், பரவாயில்லை. இந்தத் துண்டிப்பான் இல்லாத விலையுயர்ந்த கருவியைவிட, இது உள்ள மலிவுக் கருவியையே நான் நம்புவேன். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூசையும் 3 ஆம்பியருக்கு மாற்றிவிடுங்கள். இணைப்பை உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும்.

உணரியை எங்கே வைப்பது என்பதில் பலர் வாதிடுகிறார்கள். பெட்டிக்குள் வைத்தால் பாம்பு அதை நகர்த்திவிடும், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து நனைத்துவிடும். குளிர்ந்த இடத்தில் கிடக்கும் உணரி, பட்டையை விடாமல் எரியச் செய்யும். எனவே நடு அடுக்கில், பட்டைக்கும் பெட்டிக்கும் இடையே ஒட்டுவதே சரி. பெட்டியின் உள்தரையில் 32 பாகை வர, பட்டையில் 34 அல்லது 35 தேவைப்படலாம். அதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். மேலடுக்கு கீழடுக்கைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். எல்லாப் பெட்டிகளையும் அளந்து பாருங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்பதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பலகையை அறுக்கத் தொடங்குங்கள்.

எல்லாம் இணைத்த பின், பாம்பில்லாமல் மூன்று நாள் ஓடவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒவ்வொரு பெட்டியின் இரு முனைகளையும் அளந்து எழுதுங்கள். அந்த எண்கள் ஒத்துவந்த பிறகு பாம்பை உள்ளே விடலாம்.