வாப்பாவுக்கு என்ன வருத்தம்?

கலியாணம் பேசும்போது நற்பிட்டிமுனையில் விசாரிக்காத விஷயம் இல்லை. வளவு எத்தனை பேர்ச், வீட்டை எழுதிக் கொடுப்பார்களா, மாப்பிள்ளைக்குக் கட்டார் விசா இருக்கிறதா, எல்லாம் கேட்போம். பெண்ணின் வாப்பாவுக்கு ஏன் டயலிசிஸ் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம். கேட்டாலும் "சீனி வருத்தம்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

கிட்னி வருத்தம் என்றாலே நமக்கு அநுராதபுரமும் கிணற்றுத் தண்ணீரும்தான் நினைவு. வழிவழியாக இறங்கி வருவதும் உண்டு. இரண்டு கிட்னியிலும் முந்திரிக் குலைபோல நீர்க்கட்டிகள் வளரும் பொலிசிஸ்டிக் வருத்தம் அதில் பிரதானமானது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. மூத்தவளுக்கு வந்துவிட்டது, இளையவள் தப்பினாள் என்று கணக்குப் போட முடியாது. மச்சானைக் கட்டியதால் வந்தது என்று பழி சொல்லவும் இடமில்லை. சொந்தத்துக்குள் கட்டுவதால் கூடுகிற பரம்பரை நோய்கள் வேறு.

அப்படியானால் பிள்ளை பெறலாமா? பெறலாம். கிட்னி ஒழுங்காக வேலை செய்து, பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலானோர் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். கிரியேட்டினின் முன்பே ஏறியிருந்தால் கதை வேறு. கர்ப்பகாலப் பிரஷர் கூடி வலிப்புவரை போகலாம், குறைமாதத்தில் பிரசவம் நடக்கலாம், தாயின் கிட்னி பிறகு பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கர்ப்பத்தில் கிட்னி வழமையைவிட ஏறக்குறைய அரைமடங்கு கூடுதலாக வடிகட்டும். அதனால் கிரியேட்டினின் இறங்கி, பொதுவாக 0.8 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கும். லேப் ரிப்போர்ட்டில் 1.0 என்று வந்தால் மற்றவர்களுக்கு அது சாதாரணம், கர்ப்பிணிக்குச் சாதாரணமல்ல. குடும்ப வருத்தம் தெரிந்த டொக்டர்தான் அந்த எண்ணில் கண்ணை நிறுத்துவார்.

மருந்தும் அப்படியே. பிரஷருக்கு எனலாபிரில், லொசார்ட்டன் எடுப்பவர்கள் கர்ப்பத்தில் அவற்றைத் தொடரக்கூடாது. வயிற்றுப் பிள்ளையின் கிட்னியையே அவை கெடுக்கும். மெத்தில்டோபா, நிஃபெடிப்பின் என்று மாற்று இருக்கிறது. தானாக நிறுத்துவதும் ஆபத்து. டொக்டர் மாற்றித்தர வேண்டும்.

நம் கரையில் பெண் கலியாணத்துக்குப் பிறகும் உம்மாவின் வளவில்தான் இருக்கிறாள். ராத்தாவும் தங்கச்சியும் அடுத்தடுத்த சுவர். எந்த வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று தெருவுக்கே தெரியும், கிளினிக்குக்குத்தான் தெரியாது. கர்ப்பிணிப் பதிவேட்டில் குடும்ப நோய்களைக் கேட்கும் இடத்தில் மிட்வைஃப் பேனையை வைத்ததும், கூடப்போன உம்மா முந்திக்கொண்டு, "ஒண்டுமில்ல மிஸ்" என்கிறா. இன்னும் இரண்டு குமர் வீட்டில் இருப்பதுதான் அந்தப் பதிலின் காரணம். உம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பதில் பிழையானது.

குடும்பத்தில் யாருக்காவது கிட்னி பழுதாகியிருந்தால், பிள்ளைக்கு எண்ணும்போதே போய்ச் சொல்லுங்கள். பிரஷர், சிறுநீர், கிரியேட்டினின், ஒரு ஸ்கேன், தொடக்கத்துக்கு இவ்வளவும் போதும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.