மூச்சு கற்பித்தவர்களின் பெருமூச்சு

2020 மார்ச் 22, மாலை ஐந்து மணி. டாக்டர்களுக்காகவும் நர்சுகளுக்காகவும் நாடே கை தட்டியது. அந்தச் சத்தத்தில் பிசியோதெரபிஸ்டுகளை நினைத்தவர்கள் குறைவு. சுளுக்கு, முதுகு வலி என்றால் போகிற இடம். கொரோனாவில் அவர்களுக்கு என்ன வேலை?

வேலை நிறையவே இருந்தது. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. மாதுங்காவை ஒட்டியுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனைதான் அவர்களுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. கொரோனா வார்டுகளில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது, மூச்சுப் பயிற்சி தருவது, தேறியவரைப் பிடித்து நடக்க வைப்பது எல்லாம் பிசியோதெரபிஸ்டுகளின் பொறுப்பு. ஆறடி தள்ளி நின்று செய்கிற வேலையல்ல இது. நோயாளி இருமும்போது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கவச உடைக்குள் மும்பையின் புழுக்கம். நேற்று மூச்சுப் பயிற்சி செய்தவரின் கட்டில் இன்று காலி. வீட்டுக்குப் போனால் வயதான பெற்றோரும் சின்னக் குழந்தையும் இருக்கிற சிறிய ஃபிளாட். தூக்கம் போகாமல் என்ன செய்யும்?

செம்பூரிலோ மாதுங்காவிலோ சொந்தமாக கிளினிக் வைத்திருந்தவர்களின் கவலை வேறு. மார்ச் 25 முதல் ஊரடங்கு. வருமானம் நின்றாலும் வாடகை நிற்காது. பக்கவாதத்தில் விழுந்த நோயாளியின் கை இறுகிப்போவதை வீடியோ அழைப்பில் பார்க்கலாம். தொட்டு நீவ முடியாது. தொடுவதே தொழிலாக இருப்பவருக்கு அது குற்ற உணர்ச்சியாக மாறக்கூடும்.

இந்தத் தொழிலே ஒரு தொற்றுநோயின் குழந்தைதான் என்பது வினோதம். போலியோவால் முடங்கிய குழந்தைகளுக்காகவே 1950களின் தொடக்கத்தில் இதே மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபி பள்ளி தொடங்கப்பட்டது.

கொரோனா பணியில் இறக்கும் சுகாதார ஊழியரின் குடும்பத்துக்கு 50 லட்ச ரூபாய் காப்பீட்டை 2020இல் மத்திய அரசு அறிவித்தது. 2021இல் வந்த சட்டம் பிசியோதெரபிக்கு அங்கீகாரம் தந்தது. ஆனால் பிழைத்து, மனம் களைத்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆனால் நாள் முழுக்க அடுத்தவருக்குத் தைரியம் சொல்பவர், தனக்குத் தைரியமில்லை என்று போனில் சொல்லக் கூச்சப்படுவார்.

ஆகவே அவர் அழைக்கும்வரை ஆஸ்பத்திரிகள் காத்திருக்கக் கூடாது. சுழற்சி முறையில் ஓய்வு, வேலை முடிந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு ஆள். பெரிய செலவில்லை. அசைக்காமல் விட்ட மூட்டு இறுகிவிடும் என்று நோயாளிகளிடம் தினமும் சொல்பவர்கள் அவர்கள். பேசாமல் விட்ட மனமும் அப்படித்தான்.