இரண்டரைக் கிலோ ரம்பமும் மரம் ஏறுகிறவர் உயிரும்

நம் கூட்டங்களில் சாப்பாட்டு நேரத்தில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "சார், பையன் லீவுக்கு வர்றான். மேலே கைப்பிடி வச்ச அந்தச் சின்ன செயின்சா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" யாரும் வீம்புக்குக் கேட்கவில்லை. அவர்கள் தோட்டத்திலும் என் தோட்டத்திலும் ஒரே பிரச்சினைதான். கிளரிசிடியா, சவுண்டல், வேம்பு எல்லாம் ஓங்கி நிற்கின்றன. மூடாக்குக்குத் தழை வேண்டும், கீழே இருக்கும் பயிருக்கு வெயில் வேண்டும். அரிவாளோடு மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை.

நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை 52, 58 சிசி மெஷின்கள். பாரும் செயினும் மாட்டி, பெட்ரோலும் ஊற்றினால் ஐந்தாறு கிலோவுக்குக் குறையாமல் கனக்கும். தரையில் கிடக்கும் மரத்தை அறுக்க அது சரி, மேலே தூக்கிக்கொண்டு ஏற முடியாது. எக்கோ கம்பெனியின் 25 சிசி ரகம், பார் செயின் இல்லாமல் 2.3 கிலோ. ஸ்டில் எம்.எஸ். 150 ரகம் 2.6 கிலோ. ஆசை வருவது இயற்கைதான். ஆனாலும் கேட்டவர்களிடம் நான் சொல்வது, "இப்போதைக்கு வேண்டாம்" என்பதுதான்.

கைப்பிடி மேலே இருப்பது ஒற்றைக் கையால் அறுப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கயிற்றில் தொங்கியபடி கிளைகளுக்கு நடுவே வேலை செய்கிறவர் மெஷினை உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளத்தான் அந்த அமைப்பு. அறுக்கும்போது இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும். பார் நுனியின் மேல்பகுதி கட்டையில் பட்டால், மெஷின் கண் இமைப்பதற்குள் முகத்தைப் பார்த்து எகிறும். இரண்டு கைப்பிடிகளும் நெருக்கமாக இருப்பதால் அதைப் பிடித்து நிறுத்துவது இந்த ரகத்தில் இன்னும் கஷ்டம். பயிற்சி பெற்ற மரம் ஏறிகளுக்கு மட்டும் என்று மேனுவலிலேயே அச்சடித்திருப்பது இதனால்தான். பிரிட்டனில் கயிற்றில் தொங்கிக்கொண்டு செயின்சா பிடிப்பதற்கு என்றே தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ஏறுகிறவர் இரண்டு தனித்தனிக் கட்டுகளில் இருப்பார். இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றும் கயிற்றுக்குள் இரும்பு வடம் ஓடும், செயின் பட்டாலும் சட்டென்று அறாது. மேலே ஏதாவது ஆகிவிட்டால் ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்பார்.

அடுத்தது கொண்டுவருகிற கணக்கு. ஒருமுறை பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மெஷினை லக்கேஜில் ஏற்றப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. பேட்டரி ரகம் என்றால், 100 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணியோடு வரவே முடியாது. 36 வோல்ட், 5 ஆம்பியர் அவர் பேட்டரி 180 வாட் அவர், பெருக்கிப் பாருங்கள். அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது. அங்கே விற்கும் பல பெட்ரோல் மெஷின்களின் மேனுவல், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் பங்கில் இன்று ஊற்றுவது 20 சதவீதம். சின்ன மெஷின்களில் சில கால் அங்குலச் செயினில் ஓடுகின்றன. டவுன் கடையில் தொங்கும் செயின் அதற்குப் பொருந்தாது. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி.

இயற்கை விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. செயினுக்கு விடும் ஆயில் திரும்பி வருவதில்லை, அத்தனையும் மரத்தூளோடு மண்ணில்தான் விழும். பெட்ரோல் டேங்க் ஒருமுறை காலியாகும்போது ஆயில் டேங்கும் கிட்டத்தட்டக் காலியாகியிருக்கும். டிராக்டரில் இறக்கிய பழைய ஆயிலை ஊற்றுகிற பழக்கம் நம் தோட்டத்துக்கு ஆகாது. தாவர எண்ணெயில் செய்த செயின் ஆயில் இருக்கிறது. ஊற்றி வைத்து மாதக் கணக்கில் ஓட்டாமல் விட்டால் பிசினாக இறுகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்பீர்கள். சரி, மரத்தில் ஏறப்போவது யார்? நீங்களும் நானுமா? அறுபது தாண்டிய நாம் கீழே நின்று "இன்னும் கொஞ்சம் மேலே போப்பா" என்று சொல்லப்போகிறோம். ஏறுவது கூலிக்கு வருகிற தம்பி. அவர் கையில் அரிவாளுக்குப் பதில், விநாடிக்கு 20 மீட்டரை ஒட்டிய வேகத்தில் சுற்றும் சங்கிலியைக் கொடுக்கிறோம். இடுப்பில் கட்ட அவருக்கு ஒரு துண்டுதான் இருக்கிறது.

வங்கியில் டிராக்டர் கடன் கொடுத்த காலத்தில், இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டோம். இரும்புக்கு அவ்வளவு அக்கறை! பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பாதி ஊனத்துக்கு 1 லட்சம். வயது 18 முதல் 70 வரை. நம் தோட்டத்தில் மரம் ஏறுகிற எத்தனை பேருக்கு இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்?

அதனால் செலவு செய்யும் வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். கிளரிசிடியாவையும் சவுண்டலையும் இடுப்பு உயரத்தில் வெட்டி, அதே உயரத்தில் துளிர்க்க விடுங்கள். ஏறவே வேண்டாம், பெண்களும் அரிவாளால் கழித்துவிடலாம். வேம்பு, புளி போன்றவற்றின் தாழ்ந்த கிளைகளுக்கு நீளக் கம்பில் மாட்டிய ரம்பம் போதும், தரையில் நின்றே அறுக்கலாம். அதற்கும் மேலே போகத்தான் வேண்டும் என்றால் முதலில் சேணம், கயிறு, ஹெல்மெட், இழுத்து அறுக்கும் வளைந்த கைரம்பம் வாங்குங்கள். மணிக்கட்டுப் பருமன் கிளையை அது சில நிமிடத்தில் முடித்துவிடும். பையனிடம் கேட்பதென்றால் இரும்பு வடம் வைத்த அந்த இடுப்புக் கயிற்றையும், செயின் பட்டால் நாரைக் கக்கி அதை நிறுத்துகிற கால்சட்டையையும் கேளுங்கள்.

செயின்சா அதற்கப்புறம். அதையும் ஆளுக்கொன்றாக வாங்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு செட் சாமானும், பயிற்சி எடுத்த இரண்டு இளைஞர்களும் போதும். அவர்களுக்கு வருடம் முழுக்க வேலையும் கௌரவமான கூலியும் கிடைக்கும். நம் இயக்கம் விதைத் திருவிழா நடத்துகிறது, இடுபொருள் தயாரிக்கப் பயிற்சி கொடுக்கிறது. மரம் ஏறுகிறவர்களுக்கும் ஒரு பயிற்சி முகாம் போடலாமே. அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதை எழுப்பப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் பேசிப் பாருங்கள்.