கேலிச்சித்திரம் அவமதிப்பன்று

ஆசிரியரின் மூக்கை நீட்டி வரைந்த மாணவனின் தாள் கிழிக்கப்படுவதைப் பந்திங்கிலும் கண்டிருக்கிறேன். அதே மாணவன் கலைக்கல்விப் பாடத்தில் இரு மலைகளையும் நடுவே ஒரு சூரியனையும் வரைந்து நல்ல மதிப்பெண் பெறுகிறான்! உற்றுநோக்கினால் தண்டனை, பாராமல் வரைந்தால் பாராட்டு. இது என்ன நியாயம்?

"பெரியோரைக் கேலி செய்வது தமிழ்ப் பண்பா?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். 1906இல் தோன்றிய 'இந்தியா' இதழில் ஆட்சியாளரைக் கேலிச்சித்திரத்தால் சாடினாரே பாரதியார், அவர் பண்பறியாதவரா? 1930களில் ஆனந்த விகடனில் மாலி, சங்கீத வித்துவான்களைச் சில கோடுகளுக்குள் பிடித்தார். பாடுகையில் கோணும் வாய், காற்றில் அலையும் கை... மேடையைக் கண்கொட்டாமல் பார்த்தவருக்கே அக்கோடு வசப்படும். வித்துவான்களின் பெருமை அதனால் குன்றிவிட்டதா? இலண்டன் 'பஞ்ச்' இதழில் வரைந்த பெர்னார்டு பார்ட்ரிட்ஜ், தாமே மேடையேறி நடித்தவர். நாடகத்தை நேசித்தவர் கையிலும் அந்தத் தூரிகை இருந்தது.

அவ்வளவு தொலைவு ஏன்? நம் நாட்டு லாட்டைத் தொடக்கப்பள்ளியில் பாடங்களுக்குப் படம் வரையச் சொல்லி ஊக்குவித்தவர் அவருடைய ஆசிரியை திருமதி ஹியூ. பின்னாளில் அவரையே தம் சித்திரங்களில் பாத்திரமாக்கினார் லாட். நாம் அந்தத் தாளைக் கிழித்திருப்போம்.

உடற்குறையை, நிறத்தை, வறுமையை ஏளனம் செய்யாதே என்ற வரம்பைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். நடையையும் பாவனையையும் வரைய விடுங்கள். கிழிக்கத் தோன்றினால், தாளை என்னிடம் தாருங்கள். என் வகுப்பறைச் சுவரில் இடமிருக்கிறது.