பட்டை தளர்ந்தால்

போன சனிக்கிழமை விடிகாலையிலேயே நண்பரின் ஹேங்கருக்குப் போய்விட்டேன். பென்சில்வேனியாவில், புல்தரை ஓடுதளம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது அது. உள்ளே அவருடைய மஞ்சள் பைப்பர் கப், ஜே-3. இதே மாநிலத்து லாக் ஹேவன் ஊரில் 1946-ல் செய்தது. புது வால் சக்கரம் வாங்கிப் போட்டும் தரை தொட்டதும் வால் கடகடவென்று உதறுகிறது, பெடலில் கால் நிற்கவில்லை என்று முந்தின இரவு போனில் வருத்தப்பட்டார்.

1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 கப் விமானங்கள் வெளிவந்தன. அவற்றுக்கு மூக்குக்கடியில் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு, வாலில் சின்னதாக ஒன்று. பெரிய சக்கரங்களுக்குப் பின்னால்தான் விமானத்தின் பாரம் நிற்கிறது. நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் அந்தப் பாரம் முன்னால் வரப் பார்க்கும். விட்டால் விமானம் தரையிலேயே சுற்றி இறக்கையை இடித்துக்கொள்ளும். வேகம் குறைந்து சுக்கானில் காற்றுப் பிடிக்காத அந்தக் கடைசிச் சில விநாடிகளில் ஓட்டுபவருக்குத் துணை அந்த வால் சக்கரம்தான். அதனால்தான் அதன் உதறலை யாராவது லேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

உதறினால் உடனே சக்கரத்தைப் பழிப்பார்கள். டயரை மாற்றுவார்கள், கிரீஸ் அடிப்பார்கள், சங்கிலி ஸ்பிரிங்குகளை இறுக்குவார்கள். தேய்மானம் இருந்தால் அதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, சக்கரத்தைத் தாங்கும் பட்டையை. லாரிக்கடியில் இருப்பதைப் போன்ற அதே இரும்புப் பட்டைகள்தான், அளவில் சிறியவை. வருஷக்கணக்கில் அடி வாங்கி வளைவு தளர்ந்துவிடும். தளர்ந்தால் அதன் நுனியில் இருக்கிற, சக்கரம் இடம் வலமாகத் திரும்புகிற சுழலச்சின் மேல்முனை மூக்குப் பக்கம் சாயும்.

நண்பரைப் பின் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னேன். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பேன். தரையில் படுத்து, அச்சுக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அச்சு நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும், அல்லது மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். இதில் நூலுக்கும் அச்சுக்கும் இடையே மேலே ஒரு விரற்கடை இடைவெளி, அதுவும் முன்பக்கமாக. அச்சின் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையில் படும் இடத்துக்கு நன்றாக முன்னால் விழ வேண்டும். அந்தத் தூரம் இருந்தால்தான் சக்கரம் அடங்கிப் பின்னால் வரும். தூரம் குறையக் குறைய, ஆஸ்பத்திரி ஸ்டிரெச்சரின் சக்கரம் படபடப்பதைப் போல இதுவும் துடிக்கும். புதுச் சக்கரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வாலைத் தூக்கி மரக்குதிரையில் வைத்தோம். விமானமே மொத்தம் 350 கிலோவுக்குள்தான், வாலை ஒருவரே தூக்கிவிடலாம். பட்டைகளைக் கழற்றினோம். பழைய பட்டையை நெருப்பில் காய்ச்சி மறுபடி வளைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். பதம் போட்ட இரும்பு அது. தெரியாத கையில் காய்ச்சினால் பதம் போய்விடும், அப்புறம் எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாது.

அவர் மனம் கேட்கவில்லை. விரிசல் இருக்கிறதா என்று காட்ட, துருவைத் தேய்த்தெடுத்து, பட்டையில் சிவப்புச் சாயம் தடவிக் காத்திருந்து, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போல்ட் துளையின் விளிம்பிலிருந்து தலைமயிர் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாகக் கசிந்து வெளியே வந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த விமானத்தில் வாரம் தவறாமல் பேத்தியை ஏற்றிக்கொண்டு பறக்கிறவர். புதுப் பட்டைக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். வரும்வரை வால் மரக்குதிரையில்தான் இருக்கும்.