பன்னிரண்டாயிரம் பூட்டு

"இணையத் திருட்டை ஒழித்தால் தமிழ் சினிமா பிழைக்கும்." இசை வெளியீட்டு விழா மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆள் மாறுகிறார், மாலை மாறுகிறது, வசனம் மட்டும் மாறுவதில்லை. முன்பு ‘திருட்டு விசிடியை ஒழிப்போம்’ என்றார்கள். 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்திலேயே கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர் வரிசையில் வீடியோ திருடரையும் உட்காரவைத்தது. விசிடி ஒழிந்தது உண்மைதான். சட்டம் ஒழிக்கவில்லை, பிளேயர் வாங்க ஆளில்லாமல் தானாக ஒழிந்தது.

இப்போது வசனத்துக்கு டெல்லி முத்திரையும் கிடைத்திருக்கிறது. 2023 நவம்பரில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 12 அதிகாரிகளை நியமித்தது. அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் திருட்டு இணைப்புகளை எடுத்துவிட வேண்டும். அதே ஆண்டு திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் ரூ.3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். கூடவே ஓர் எண்ணும் வந்தது: திரைத்துறைக்கு ஆண்டுக்கு ரூ.20,000 கோடி வரை இழப்பு.

முதலில் அந்த 20,000 கோடி. எங்கள் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், போளூர், கவுஞ்சி என்று ஊர்கள் இருக்கின்றன. பூண்டும் கேரட்டும் உருளையும் விளைகிற ஊர்கள். தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கொடைக்கானலுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மலையிறங்கிப் பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ போகவேண்டும். கேரட் கழுவி முடித்துவிட்டு ராத்திரி மொபைலில் ஓசியில் படம் பார்க்கிற பையன், அந்தப் படம் ஓசியில் கிடைக்காவிட்டால் மறுநாள் காலை டிக்கெட் எடுக்கப் போயிருப்பான் என்று நம்பினால்தான் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் நிற்கும். போயிருக்க மாட்டான். தூங்கியிருப்பான். அவன் தூக்கமும் தயாரிப்பாளருக்கு நஷ்டம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அடுத்து, தளத்தை முடக்கினால் திருட்டு நின்றுவிடும் என்ற நம்பிக்கை. நம்பிக்கை என்றுதான் சொல்லவேண்டும், ஆதாரம் என்று சொல்ல எதுவும் இல்லை. 2016 ஜூலையில் ‘கபாலி’க்காக 225 தளங்களை முடக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2018 நவம்பரில் ‘2.0’க்காக 12,564 தளங்கள். இரண்டு வருடத்தில் பூட்டு 225இலிருந்து பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. முதல் பூட்டு வேலை செய்திருந்தால் இத்தனை எதற்கு என்று நீதிமன்ற வளாகத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் தமிழ்ராக்கர்ஸின் முகவரிகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். ‘2.0’ வெளியான அன்றே அதே ஆட்கள் படத்தை ஏற்றிவிட்டார்கள். முகவரியின் வாலை மாற்றினால் புதுத் தளம். அதற்கு ஆகிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். 2020இல் தமிழ்ராக்கர்ஸ் தானே அடங்கிப்போனது. உடனே தமிழ் சினிமா செழித்துக் கொழித்ததா என்பதை விழா மேடைக்காரர்கள்தான் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்தால் தெரியாது. சிக்னல் சரியாகக் கிடைக்காத மலைக் கிராமங்களில் படம் இணையத்தில் வருவதே இல்லை, மெமரி கார்டில் வருகிறது. மொபைல் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் போல்டர்கள் வரிசையாக இருக்கும்: ‘புதுசு’, ‘தலைவர்’, ‘தளபதி’, ‘டப்பிங்’, கடைசியாக ‘சாமி’. சாமியில் முருகன் பாட்டு. ரீசார்ஜ் பண்ண வந்தவர் கார்டைக் கழற்றிக் கொடுக்கிறார். "அண்ணே, கேமரா பிரிண்ட்னா வேணாம். நல்ல பிரிண்ட் வரட்டும், ஏத்திக்கிறேன்." "அடுத்த வாரம் வாப்பா." கூடவே டெம்பர் கிளாஸ் ஒட்டும் வேலையும் நடக்கிறது. ஒரு ஆள் கீழே போய் ஒருமுறை இறக்கிக்கொண்டு வந்தால் ஊருக்கே போதும். 12,564 பூட்டில் ஒன்றுகூட இந்தக் கடையின் ஷட்டரைத் தொடாது.

சரி, திருட்டு நிற்கவில்லை, ஆனால் யாருக்கு என்ன கெட்டுப்போனது, திருடனுக்குத்தானே தடை என்று கேட்பார்கள். இந்த வாதம்தான் எனக்குப் பல வருட எரிச்சல்.

2012க்குப் போவோம். தனுஷ் நடித்த ‘3’ படத்தின் தயாரிப்பு நிறுவனம் படம் வெளியாகும் நேரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘அசோக் குமார்’ ஆணை வாங்கியது. பெயர் தெரியாத பிரதிவாதிக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கிற பெயர் அது. (நாட்டில் உள்ள நிஜ அசோக் குமார்கள் ஏன் இன்னும் மானநஷ்ட வழக்குப் போடவில்லையோ.) அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு இணைய நிறுவனங்கள் மே மாதத்தில் எதை மூடின? பைரேட் பேயை மூடின, அது போகட்டும். விமியோவையும் டெய்லிமோஷனையும் சேர்த்து மூடின. குறும்படக்காரர்களும் மாணவர்களும் தங்கள் சொந்தப் படத்தைப் போட்டுவைத்திருந்த இடங்கள் அவை. தப்பான இணைப்பை மட்டும் மூடுங்கள், தளம் முழுவதையும் மூடாதீர்கள் என்று நீதிமன்றமே ஜூன் 15 அன்று விளக்க வேண்டி வந்தது.

இதில் வேடிக்கை, எந்தப் படத்துக்காக இத்தனையும் நடந்தது என்பதுதான். ‘ஒய் திஸ் கொலவெறி டி’ இருக்கிற படம். அந்தப் பாட்டின் அரைகுறை வடிவம் 2011 நவம்பர் முதல் வாரத்தில் இணையத்தில் கசிந்தது. கசிந்ததால்தான் அவசர அவசரமாக நவம்பர் 16 அன்று முறையான வீடியோவை வெளியிட்டார்கள். அதை உலகமே காசு கொடுக்காமல் பார்த்தது, பகிர்ந்தது, தன் மொழியில் மாற்றிப் பாடியது. படத்துக்கு இருந்த ஒரே பெரிய விளம்பரம் அது. இலவசமாக ஊர் சுற்றி வந்த பாட்டின் முதுகில் ஏறி வந்த படம், தியேட்டர் வாசலில் இறங்கியதும் முதல் வேலையாகப் பகிர்கிறவனைப் பிடிக்கச் சொன்னது.

2017 ஆகஸ்டில் நடந்தது இன்னும் மோசம். மும்பையின் இரண்டு தயாரிப்பு நிறுவனங்கள் இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. பட்டியலில் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள். அதில் இன்டர்நெட் ஆர்கைவும் இருந்தது. பழைய நூல்களையும் இதழ்களையும் இணையத்தின் பழைய பக்கங்களையும் சேர்த்துவைத்து, காசு வாங்காமல் திறந்துவிடுகிற காப்பகம். ஏன் மூடினீர்கள் என்று காப்பகமே இந்திய அரசிடம் கேட்டுக்கொண்டு நின்றது.

பழனி மலைக்காரனுக்கு அது ஏன் வலிக்கவேண்டும்? சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஃப். பைசன் 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல் ஒன்று உண்டு. நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றியது. இங்கே புல்வெளியில் பூத்திருப்பது குறிஞ்சியா, அதன் பங்காளிச் செடியா என்று சந்தேகம் வந்தால் இன்றும் புரட்டுகிற நூல். அச்சுப் பிரதியை எந்த ஊர் நூலகத்தில் தேடுவது? பதிப்புரிமை எப்போதோ முடிந்துபோன அந்தப் புத்தகம் காப்பகத்தில் படம் படமாகக் கிடக்கிறது. இரண்டு இந்திப் படங்களின் வசூலைக் காப்பாற்ற, 2018 குறிஞ்சிப் பூப்புக்கு ஒரு வருடம் முன்பு, செடியின் பெயர் பார்க்கிறவன் கதவு சாத்தப்பட்டது. சில நாளில் திறந்துவிட்டார்களே என்பார்கள். திறந்தார்கள். யாரும் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது, 2025 ஆகஸ்ட். எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020இல் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சை-ஹப் தளத்தை முடக்கச் சொன்னது. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய தளம். ஆய்வுக் கட்டுரை எழுதியவருக்கும், அதைச் சரிபார்த்தவருக்கும் பதிப்பகம் கொடுக்கிற சம்பளம் பொதுவாகப் பூஜ்யம். படிக்க வருகிறவரிடம் மட்டும் ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இங்கே எந்தப் படைப்பாளியின் வயிற்றில் யார் அடித்தது?

அதற்குத்தான் அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ கொண்டுவந்துவிட்டதே என்று பதில் தயாராக இருக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல காரியம். ஆனால் அது சுமார் 6,300 அரசு நிறுவனங்களுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. சோலைக் காட்டில் சீகை மரம் ஏறிவருவதைக் குறித்துவைக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், நாற்றங்கால் போட்டுச் சோலை மரக் கன்று வளர்க்கிற தொண்டு நிறுவனத்துப் பெண், தனியார் கல்லூரி மாணவர், இவர்கள் யாரும் அந்த வட்டத்துக்குள் இல்லை. பழனி மலைப் புல்வெளி நாற்பது ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது என்று காட்டிய ஆய்வு 2018இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. அது யாரும் படிக்கும்படி திறந்துவைத்த இதழ் என்பதால் இங்கே அதைப் படித்தோம். கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை மின்வடிவமாக்கி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறார்கள். அங்கே திருட்டு வழக்குப் போட யாருக்கும் வேலை இல்லை. இந்த வழியில் இன்னும் நாலடி நடக்கலாம். நடப்பதைவிட மூடுவது சுலபம்போல.

படைப்பாளிக்குச் சேரவேண்டிய பணம் என்று உருகுகிறார்களே, அதற்கும் எங்கள் ஊர்ப் பதில் உண்டு. ‘குணா’ 1991இல் இங்கே எடுத்த படம். பேய்களின் சமையலறை என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த குகைக்கு இன்று குணா குகை என்றுதான் பெயர். 2024இல் அதே குகையை வைத்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தது, அதில் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு காதலன்’ மறுபடி ஒலித்தது, கூட்டம் குகைக்கு அலைமோதியது. பின்னாலேயே இளையராஜா தரப்பின் நோட்டீஸ். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் முறைப்படி வாங்கினோம் என்றது படத் தரப்பு. அதே ஆண்டு ஜூலையில் ‘குணா’வை மறுபடி திரையிடப் பார்த்தார்கள், உரிமை எனக்கு என்று இன்னொருவர் வர, நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதாவது, காசு கொடுத்து நேர்மையாகப் பார்க்கத் தயாராக இருந்தவனுக்குத் தியேட்டர் கதவு சாத்தி. பாட்டு யாருடையது, படம் யாருடையது என்று உரிமைக்காரர்களுக்கே உடன்பாடு இல்லாதபோது ரசிகன் மட்டும் யாரைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி கொள்ளவேண்டும்?

பார்க்கிறவனும் திருடன்தான் என்கிறார்களா? பார்ப்பது குற்றமில்லை என்று 2016இலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் தெளிவாக்கிவிட்டார்.

அடுத்தவர் படைப்பை எடுத்தாள்வதே பாவம் என்பவர்களுக்கு ஒரு பாட்டை நினைவூட்டுகிறேன். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு குவிந்துகிடந்ததை 2001இல் மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடியது. அதன் தொழிலாளர்கள் அதற்குப் பிறகு பல வருடம் இழப்பீடு கேட்டு மனு கொடுத்தார்கள். 2015இல் சோபியா அஷ்ரப் ‘கொடைக்கானல் ஒன்ட்’ என்று ஒரு ராப் பாடினார். மெட்டு நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’. அதுவே 1992 பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துக் கட்டியது. வீடியோ உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது. பாட்டு ஒன்றே அதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். 48 மணி நேரச் சட்டத்தோடு ஒரு கடுகடுத்த உரிமைக்காரர் அன்று இருந்திருந்தால் அந்தப் பாட்டு மூன்றாம் நாள் இருந்திருக்குமா என்றுதான் கேட்கிறேன்.

முடக்கிய தளத்தைத் திறந்தால் என்ன தெரிகிறது? தொலைத்தொடர்புத் துறை உத்தரவின்படி தடுக்கப்பட்டது என்று ஒரு வரி. எந்த வழக்கு, எந்தப் படம், எத்தனை நாளைக்கு, தவறென்றால் யாரிடம் முறையிடுவது, எதுவும் இல்லை. வழக்கு விவரத்தைப் பக்கத்திலேயே போடுங்கள், பட்டியலைச் சரிபார்த்துக் கொண்டுவாருங்கள் என்று ‘டிஷ்யூம்’ படத்து வழக்கில் அதே கௌதம் படேல் சொல்லிப் பல வருடமாகிவிட்டது. மூட 48 மணி நேரம் என்று கெடு வைக்கத் தெரிந்த அமைச்சகம், தவறாக மூடியதைத் திறக்க எத்தனை மணி நேரம் என்று எப்போது அறிவிக்கும்?